கண்ணளவும் கையளவும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் கம்பனைப் பற்றியும் வள்ளுவனைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு அரை மணி நேரம் எமக்கு அளித்துள்ளார்கள். எதைப் பற்றிப் பேசப் போகிறீர் என்று செயலாளர் வினவினார். சோறு வடிப்பது பற்றியும் மணி கோப்பது பற்றியும் என்றோம். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், "பேசுங்கள், சாப்பாட்டுக்கு முன்புதானே!" என்றார். அந்தத் துணிவில் இங்கு நிற்கிறோம்.

நாம் இரயில்வேயில் சரக்குப் பிரிவில் எழுத்தராகப் பணி செய்கிறோம். படித்தது பத்தாம் வகுப்பு. அகவை நாற்பத்தாறு. எம் கணக்கில் ஏறி இறங்கும் பொருள்களில் அரிசியே மிகுதி. 42 பெட்டிகள் கொண்ட ஒரு சரக்கு வண்டியில் 2,500 டன்னுக்கு மேல் அரிசி வரும். ஒரு மூட்டை குறைந்தாலும் அது எந்தப் பெட்டியில் குறைந்தது என்று கண்டு எழுதாமல் உறங்க மாட்டோம். அத்தகைய நாம், நாற்பது அகவை நிறையும் வரையில், ஒருவர் உண்ணத்தக்க ஓர் ஆழாக்கு அரிசியை வேக வைக்க அறியாதிருந்தோம். இதனை அவையில் ஒப்புக்கொள்ள நாணமாகவே இருக்கிறது. எனினும், முன் வரிசை ஆடவர்கள் சிலர் தலைகவிழ்ந்து முறுவலிப்பதைக் காணும்போது அந்நாணம் சற்றே குறைகிறது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எம் தாயாருக்குத் தென்காசியில் கண்புரை அறுவை நடந்தது. உடனிருந்து கவனிப்பதற்காக எம் துணைவியார் இளைய மகனை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். பத்து நாளில் திரும்புவதாக ஏற்பாடு. மார்ச்சு 25ஆம் நாள் நாடெங்கும் முடக்கம் வந்தது. பயணிகள் வண்டிகள் யாவும் நின்றன. சரக்கு வண்டிகள் நிற்கவில்லை. ஆகவே எம் பணியும் நிற்கவில்லை. மட்டாஞ்சேரி வீட்டில் நாமும் பதினோரு வயது மகளும் மட்டும் இருந்தோம். வழக்கமாகச் சாப்பிடும் உணவு விடுதிகள் பூட்டிக் கிடந்தன. இவ்வளவும் போதாதென்று, மூன்றாம் நாளே குக்கரின் ரப்பர் வளையம் அறுந்தது. புதியது வாங்கக் கடை இல்லை.

துணைவியாரைத் தொலைபேசியில் அழைத்தோம். "எனக்குக் குக்கரில் வைக்கத்தான் தெரியுங்க, பானையில் வடிப்பது அத்தைக்குத்தான் தெரியும்" என்று கூறிக் கருவியைத் தாயாரிடம் கொடுத்துவிட்டார். தாயாரிடம் தண்ணீர் எவ்வளவு வைப்பது என்று கேட்டோம்.

"அளவா ஊத்துய்யா" என்றார்.

"அளவு என்றால் எவ்வளவு, அம்மா?"

"பார்த்தா தெரியும்லா!"

பெரியோர்களே, பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. மீண்டும் வற்புறுத்திக் கேட்டதன் பேரில், அரிசிக்கு மேலே ஒரு விரற்கணு நிற்கும் அளவு என்று சொன்னார். அவ்வாறே வைத்தோம். அன்று நாங்கள் உண்டது சோறா, நனைந்த சரளைக்கல்லா என்பது இன்றளவும் முடிவாகவில்லை.

பிற்பாடுதான் பிழை எங்கே என்று விளங்கிற்று. விரற்கணு அளவென்பது ஒரே பானை, ஒரே அரிசி, ஒரே கை என்ற மூன்றும் மாறாத வீட்டில் செல்லும் அளவு. அகன்ற பாத்திரத்தில் ஒரு கணு நீரென்றால் நீர் மிகுதி; குறுகிய பாத்திரத்தில் அதே ஒரு கணு போதாது. எம் தாயார் ஐம்பது ஆண்டுகளாக ஒரே பானையில் பொன்னிப் புழுங்கலரிசியை வடித்தவர். எங்கள் வீட்டில் இருந்ததோ இந்நாட்டு மட்ட அரிசி. சிவந்த தவிடு ஒட்டியிருக்கும் பருமனான புழுங்கலரிசி அது. பாலக்காட்டு மட்டைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பொன்னி வேகும் நேரத்தில் அது பாதியும் வேகாது. ஊர் மாறிற்று, அரிசி மாறிற்று, பானையும் மாறிற்று. தாயின் கண்ணளவு மட்டும் தொலைபேசி வழியே வந்து என்ன செய்யும்?

இதனைச் சொல்லவே வந்தோம். பிறந்த ஊரில் இருப்போர்க்கு அளவு எழுதிவைக்க வேண்டிய தேவை இல்லை. அடுப்படியில் பாட்டி இருப்பாள், அத்தை இருப்பாள், எதிர்வீட்டுப் பெரியம்மாள் இருப்பாள். குழந்தை பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொள்ளும். கண்ணளவு கண்ணிலிருந்து கண்ணுக்குச் செல்வது. பிழைப்புத் தேடி மலை தாண்டி வந்தவர்களாகிய நாம் பாத்திரங்களைக் கொண்டுவந்தோம். தெய்வப் படங்களைக் கொண்டுவந்தோம். அந்தக் கண்களைக் கொண்டுவர இயலவில்லை. ஆதலால் நமக்கு அளவு வேண்டும். எழுதிய அளவு வேண்டும்.

நிற்க. அந்நாளில் எங்களைக் காப்பாற்றியவர் அடுத்த வீட்டு அம்மையார். மலையாளியர், பள்ளியாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். எம் மகள் அவரை 'டீச்சர்' என்றே அழைப்பாள். நாம் பணிக்குச் செல்லும் பொழுதெல்லாம் அவள் அவர் வீட்டுத் திண்ணையில்தான் இருந்தாள். எங்கள் பானையை எட்டிப் பார்த்துவிட்டு அவர் முதலில் சிரித்தார், பிறகு சொல்லிக்கொடுத்தார். ஒரு பங்கு மட்ட அரிசிக்கு ஐந்து பங்கு நீர். நீர் கொதித்த பின்னரே கழுவிய அரிசியை இடுக. மூடி அரைவாசி திறந்திருக்க, நாற்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லையேல் வடித்துவிடுக. இவ்வளவே. முதன்முறையாக எண்களில் ஒரு விடை கிடைத்தது. அன்றிரவே அலுவலகத்தில் பயன்படாது கிடந்த ஒரு கோடிட்ட ஏட்டைத் தேடி எடுத்தோம். அதில் நாள், தானியம், அளவு, நீர், நேரம், முடிவு, குறிப்பு என்று ஏழு கட்டங்கள் வகுத்தோம். முதல் வரியின் குறிப்புக் கட்டத்தில், "நடுவில் கல் போன்றது, மகள் உண்ண மறுத்தாள்" என்று இருக்கிறது. ஐந்தாம் வரியில் "நன்று" என்ற ஒரு சொல் மட்டும். எம் பணிக்காலத்தில் எழுதிய எந்தக் கணக்கும் எமக்கு அவ்வளவு நிறைவு தந்ததில்லை.

நாற்பத்தைந்து நிமிடம் எரிவாயு எரிவது எமக்கு உறுத்திற்று. 14.2 கிலோ உருளை தீர்ந்தால் அடுத்தது என்று வரும் என்ற உறுதியில்லாத காலம். அதனை டீச்சரிடம் சொன்னபோது அவர் உள்ளே சென்று, பரணிலிருந்து ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்தார். 'சூடாறாப்பெட்டி' என்றார். பெயரே பொருளைச் சொல்லிவிடுகிறது அல்லவா! மலையாளமும் தமிழும் எவ்வளவு நெருங்கியவை என்பதை அடுப்படியில்தான் நன்கு உணரலாம்.

1962ஆம் ஆண்டு தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் அறிவியல் இயக்கத்தை இங்குள்ளோர் அறிவீர்கள். 1996ஆம் ஆண்டு ரைட் லைவ்லிஹுட் விருது பெற்ற இயக்கம் அது. புகை குறைந்த விறகடுப்பை வீடுதோறும் கொண்டுசென்ற அவ்வியக்கத்தார், பாலக்காட்டை அடுத்த முண்டூரில் தங்கள் ஆய்வு நிலையத்தையும் வைத்திருக்கிறார்கள். சூடாறாப்பெட்டியை இந்நாட்டு அடுக்களைகளில் பரப்பியவர்களும் அவர்களே. கருத்து இவர்களுக்கு மட்டும் உரியதன்று. 1867ஆம் ஆண்டு பாரிசு மாநகரத்துப் பொருட்காட்சியில் நார்வே நாட்டார் ஒருவர் இத்தகைய பெட்டியைக் காட்சிக்கு வைத்தார். உலகப் போர்க் காலங்களில் இங்கிலாந்தில் எரிபொருள் சிக்கனத்திற்காக வைக்கோல் திணித்த பெட்டியில் சமைக்கும்படி இல்லத்தரசியரைத் தூண்டினார்கள்.

அதன் நுட்பம் மிக எளிது. அரிசியின் மாவுப்பொருள் வெந்து குழைவதற்கு நீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்க வேண்டுவதில்லை. சுமார் 70 டிகிரி வெப்பத்திற்கு மேல் போதிய நேரம் இருந்தால் போதும். கொதிக்கும் பானைக்கு நாம் தொடர்ந்து தரும் தீயின் பெரும்பகுதி, பானை காற்றில் இழக்கும் வெப்பத்தை ஈடுசெய்யவே செலவாகிறது. அவ்விழப்பைத் தடுத்துவிட்டால் தீ எதற்கு?

டீச்சரின் பெட்டியைப் பார்த்து நாங்களும் ஒன்று செய்தோம். மளிகை வந்த அட்டைப்பெட்டி ஒன்று. கொல்லையில் கிடந்த தேங்காய் மட்டைகளை அடித்துப் பிரித்தெடுத்த நார் இரண்டு கூடை. துணைவியாரின் பழைய நூற்சேலை ஒன்று (அனுமதி பெறாமல் எடுத்தோம், பின்னர் அதற்குரிய தண்டனையும் பெற்றோம்). பெட்டியின் அடியில் நான்கு விரற்கடை உயரத்திற்கு நாரைப் பரப்பி, நடுவில் பானையை வைத்து, சுற்றிலும் அதே கனத்திற்கு நாரைத் திணித்து, சேலையால் உட்புறம் போர்த்துத் தைத்தோம். மேலே மூடுவதற்கு இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று. அரிசியை அரை மணி நேரம் ஊற வைத்து, அடுப்பில் பதினைந்து நிமிடம் நன்கு கொதிக்கவிட்டு, மூடியைத் திறவாமல் பெட்டிக்குள் இறக்கித் தலையணையை அழுத்தி வைத்துவிட வேண்டும். ஒன்றரை மணி நேரம் அதைத் தொடலாகாது.

முதல் நாள் தோல்வி. ஏட்டில் காரணமும் எழுதியிருக்கிறோம். இரண்டு பேருக்குரிய அரிசியைப் பெரிய பானையில் வைத்தோம். பானையில் முக்கால் பங்கு வெற்றிடம். வெப்பத்தைத் தாங்கி நிற்கப் போதிய நீர் இல்லை. அன்றியும் மகள் இருமுறை தலையணையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். அவளை நாம் கடிந்துகொள்ளவில்லை. ஏனெனில் மூன்றாம் முறை தூக்கிப் பார்த்தது நாமே. அடுத்த நாள் சிறிய பானையில் கழுத்தளவு நிரப்பி வைத்தோம். சோறு மலர்ந்து வெந்திருந்தது. மகள் கைகொட்டினாள். நாம் டீச்சர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினோம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வெந்த சோற்றைப் பெட்டியிலேயே இரவெல்லாம் விட்டுவைக்கலாகாது. வெதுவெதுப்பான சோற்றில் வயிற்றைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் எடுத்து உண்டுவிட வேண்டும்.

சிறுதானியங்களைப் பற்றி மிகச் சுருக்கமாக. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து தினையும் வரகும் கொச்சிக் கடைகளில் அழகிய உறைகளில் கிடைக்கின்றன. விலையும் அழகாகத்தான் இருக்கிறது. தினை ஒரு பங்குக்கு நீர் இரண்டரைப் பங்கு, இருபது நிமிடம். கம்புக்கு இந்த அவசரம் ஆகாது. தண்ணீர் தெளித்துப் பிசறி, இடித்து, உமி புடைத்து, உடைத்து, கொதிநீரில் இட்டுக் கிளறவேண்டும். இதிலே எம் தாயாரின் சொற்கள் ஏட்டில் இரண்டு பக்கம் இருக்கின்றன. விரும்புவோர் படியெடுத்துக்கொள்ளலாம்.

வடித்த கஞ்சிக்கு வருவோம். நம் சங்கத்தாரில் பலர் போர்ட்டுக் கொச்சி வெளியில் உள்ள வண்ணார் துறையை அறிவீர்கள். தோபிகானா என்றால் ஊரே வழிகாட்டும். டச்சுக்காரர் காலத்தில் அவர்தம் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் தங்கள் முன்னோர் என்று அங்குள்ள தமிழ்க் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இப்பொழுதுள்ள கட்டடத்தைப் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் 1976ஆம் ஆண்டு கட்டிக்கொடுத்தது. அங்கே இன்றும் துணிக்கு அரிசிக் கஞ்சி போடுகிறார்கள். துணியைக் கொடியில் மாட்டுவதற்குக் கவ்வி இல்லை. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கடற்காற்று எவ்வளவு வீசினாலும் விழுவதில்லை. முடக்கம் தளர்ந்தபின் ஒருநாள் மகளை அழைத்துச் சென்று காட்டினோம். கஞ்சியின் பதம் யாது என்று அங்கிருந்த மூத்தவர் ஒருவரைக் கேட்டோம். அவரும், "பார்த்தா தெரியும்" என்றார்! மகள் எம்மை நிமிர்ந்து நோக்கினாள். ஆயினும் அவர் கருணையுள்ளவர். கஞ்சியில் விரலைத் தோய்த்து எடுத்து, "இப்படி விரலில் மெலிசாப் படியணும், ஆனால் வழியணும், படியாவிட்டால் தண்ணீர், வழியாவிட்டால் பசை" என்று விளக்கினார். ஏட்டில் ஏறிற்று.

அந்தக் கஞ்சிதான் எங்களை மணி கோக்கும் கலைக்குள் கொண்டு சேர்த்தது. அதைச் சொன்னால் வியப்பீர்கள்.

விடுமுறையில் அடைபட்டுக் கிடந்த மகள், அறுந்த பழைய மாலைகளையெல்லாம் அவிழ்த்து ஒரு தட்டில் மணிகளைக் குவித்து வைத்திருந்தாள். சிறு கண்ணாடிப் பாசிமணிகள். கடை வழக்கில் பதினொன்றாம் எண் மணி என்பார்கள். எண் கூடக்கூட மணி சிறுத்துக்கொண்டே போகும் என்பது நினைவில் வைக்கத்தக்கது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்திற்குச் சுமார் 18 மணி. பதினாறு அங்குல மாலைக்கு 288 மணி வேண்டும் என்று நாம் கணக்கிட்டுத் தந்தோம். ஆனால் அம்மணியின் துளையில் நுழையும் மெல்லிய ஊசி வீட்டில் இல்லை. நூலின் முனையோ பிரிந்து பிரிந்து மடங்கிற்று. அப்பொழுது அவளே ஒரு வழி கண்டாள். நூலின் முனையை இரண்டு அங்குலம் கெட்டிக் கஞ்சியில் தோய்த்து, விரல்களால் உருட்டி, வெயிலில் காய வைத்தாள். காய்ந்ததும் முனை கம்பிபோல் விறைத்து நின்றது. சாய்வாக நறுக்கினாள். அதுவே ஊசியாயிற்று! துணிக்குக் கஞ்சி போட்டால் விறைக்கும் என்றால் நூலும் விறைக்கத்தானே வேண்டும் என்று அவள் கேட்டபோது எமக்கு மறுமொழி இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தும் இந்த ஊகம் எமக்குத் தோன்றியதில்லை.

முதல் மாலை மூன்று நாள் தாங்கிற்று. நான்காம் நாள் தெருவில் வைத்து அறுந்தது. நாங்கள் இருவரும் மண்டியிட்டுப் பொறுக்கினோம். 288இல் 271 கிடைத்தன, 17 பற்று. பருத்தி நூல் கண்ணாடித் துளையின் கூர்விளிம்பில் தேய்ந்து அறுந்திருந்தது. பிறகு அண்டை வீட்டு மீனவர் ஒருவர் மெல்லிய தூண்டில் நரம்பு ஓர் உருண்டை தந்தார். நரம்பு தேயாது, ஆனால் அதில் ஒற்றை முடிச்சு நிற்காது, வழுக்கி அவிழும். முதற்சுற்றில் ஒன்றுக்கு இரண்டு முறை முறுக்கி, அதன்மேல் மற்றொரு முடிச்சிட்டு ஈரமாக்கி இழுத்தால் நிற்கும். முத்துமாலை கோப்போர் ஒவ்வொரு முத்துக்கும் இடையே ஒரு முடிச்சுப் போடுவதன் காரணமும் அன்றுதான் விளங்கிற்று. நூல் அறுந்தாலும் ஒரு முத்துக்கு மேல் போகாது.

மணி என்பது நம் மண்ணுக்குப் புதியதன்று. இங்கிருந்து வடக்கே வடபறவூரை அடுத்த பட்டணத்தில் 2007ஆம் ஆண்டு முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகத்தார் நடத்திய அகழாய்வில் மிளகும் ஏராளமான கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் கிடைத்தன. முசிறித் துறைமுகம் அதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஈரோட்டுப் பகுதியிலுள்ள கொடுமணலில் படிகம், பச்சைக்கல், சூதுபவளம் ஆகியவற்றை மணிகளாகத் தீட்டித் துளையிட்ட பட்டறைகளின் அடையாளங்கள் கிடைத்துள்ளன. வீலர் 1945இல் அகழ்ந்த அரிக்கமேட்டின் கண்ணாடி மணிகளைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். அவற்றைக் கடைந்து துளையிட்ட கைகளின் கண்ணளவை எவரும் எழுதி வைக்கவில்லை. இன்று ஆய்வாளர்கள் உடைந்த துண்டுகளைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து அதை ஊகிக்க வேண்டியிருக்கிறது.

காசு கொடுத்துத்தான் மணி வாங்கவேண்டும் என்பதுமில்லை. ஈரநிலங்களில் வளரும் ஒரு புல் இருக்கிறது. காட்டுக்குந்துமணி என்றும் நெற்பவழம் என்றும் பெயர். கண்ணீர்த்துளி வடிவில் சாம்பல் நிறத்தில் வழவழப்பான காய்கள். அதன் சிறப்பு யாதெனின், இயற்கையே அதற்குத் துளையிட்டுத் தந்திருக்கிறது. காம்பை இழுத்துவிட்டால் ஊசி நுழையும். தோடு மெல்லிதான அதன் பயிர்வகையை நாகாலாந்து முதலிய வடகிழக்கு மலைநாடுகளில் தானியமாகச் சமைத்து உண்கிறார்கள். ஒரே புல் ஓரிடத்தில் சோறு, மற்றோரிடத்தில் மாலை! நாம் இன்று இரண்டையும் சேர்த்துப் பேசுவது பொருத்தமில்லை என்று எண்ணியோர்க்கு இந்தப் புல்லே சாட்சி.

தாய்மார்கள் ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும். சிவப்பும் கறுப்புமாய் இருக்கும் குன்றிமணியைக் குழந்தைகள் துளையிட விடாதீர்கள். அதன் ஓடு உடைந்தால் உள்ளிருப்பது கொடிய நஞ்சு. குருவாயூர்க் கோயிலில் உருளி நிறைய வைத்திருக்கும் முழுச்சிவப்பான மஞ்சாடி மணி வேறு, குன்றிமணி வேறு.

இதே மட்டாஞ்சேரியில், யூதத் தெருவில், சாரா கோகன் என்னும் மூதாட்டியார் வாழ்ந்தார். 1568ஆம் ஆண்டு கட்டிய யூதக் கோயிலுக்குச் செல்லும் வழியில், தம் வீட்டின் முன்னறையில் அமர்ந்து, தம் சமயத்தார் அணியும் சிறு தொப்பிகளும் ஓய்வு நாள் ரொட்டியை மூடும் துணிகளும் கையால் பூத்தையல் இட்டு விற்றுவந்தார். 2019ஆம் ஆண்டு தம் 96ஆம் அகவையில் மறைந்தார். அவர் சமூகத்தார் பெரும்பாலும் இசுரேல் நாட்டுக்குப் பெயர்ந்துவிட்டனர். விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சிய தெருவில் அந்த ஊசி மட்டும் நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வழியே எத்தனையோ முறை நடந்திருக்கிறோம். ஒருநாளேனும் உள்ளே நுழைந்து, இந்தத் தையலை எவ்வாறு போடுகிறீர்கள் என்று கேட்டோமில்லை.

இனி, இச்சங்கத்தில் இதனைப் பேசுவதன் நோக்கத்திற்கு வருகிறோம். ஆண்டு விழாவையொட்டிச் சிறார்க்குப் பேச்சுப் போட்டியும் குறள் ஒப்புவித்தலும் நடத்துகிறோம். அவற்றோடு அரைநாள் கைவேலையும் சேர்க்க வேண்டும் என்று செயற்குழுவில் நாம் விண்ணப்பித்தோம். ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் கூடி, ஒரு பானைச் சோறு வடித்து, ஒரு சரம் மணி கோத்து, ஒரு சூடாறாப்பெட்டி செய்யட்டும் என்றோம். மதிப்பிற்குரிய மூத்த உறுப்பினர் ஒருவர், "தமிழ் வளர்க்கும் சங்கத்தில் சோறு வடிக்கவா கற்றுத் தருவது?" என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. சங்கத்தின் பணம் சிறிது. ஆனால் ஒன்றை அவர் திருமுன் வைக்கிறோம். எம் மகள் மலையாளப் பள்ளியில் படிப்பவள். பதம், பாகு, குழைவு, வடித்தல், புடைத்தல், பிசறுதல், கொழித்தல் என்ற சொற்களை அவள் எந்தப் பாட நூலிலும் கற்கவில்லை. அந்த மூன்று திங்களில் அடுப்படியில்தான் கற்றாள். கொழித்தலுக்கும் புடைத்தலுக்கும் வேறுபாடு யாது என்று பேச்சுப் போட்டியில் பரிசு பெற்ற பிள்ளைகளைக் கேட்டுப் பார்ப்போமா? நாமும் சேர்ந்தே விழிப்போம்.

அவ்வாண்டு சூன் திங்களில் எம் துணைவியார் நுழைவுச் சீட்டுப் பெற்று மகனுடன் திரும்பி வந்தார். ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். சேலை எங்கே என்று மட்டும் கேட்டார். பின்னரும் ஞாயிறுதோறும் தாயாரை அழைத்து, ஒவ்வொரு பண்டமாகக் கேட்டு எழுதிவந்தோம். அவர் வீட்டு ஆழாக்குப் பாத்திரத்தில் எத்தனை நீர் கொள்ளும் என்று மருந்துக் குவளையால் அளந்து பார்க்கச் சொன்னோம். 170 மில்லிலிட்டர் என்று வந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற பழைய கணக்கை அதிலிருந்து லிட்டருக்கு மாற்றிக்கொண்டோம். தொடக்கத்தில் சலித்துக்கொண்டவர், போகப்போக, "எழுதிக்கிட்டியா? திரும்ப வாசி பார்ப்போம்" என்று எம்மையே சோதிக்கத் தொடங்கினார். கஞ்சி வற்றல், கம்பங்கூழ், உளுந்தங்களி, எள்ளுப்பொடி என்று அவர் சொன்னவை பதினொரு பக்கம்.

பன்னிரண்டாம் பக்கத்தின் தலைப்பில் 'அதிரசம்' என்று எழுதினோம். அரிசியை ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, ஈரமாவாக இடிப்பது வரையில் சொன்னார். பாகு எந்தப் பதம், எவ்வளவு வெல்லம் என்று கேட்டபோது, "அதை வாயால் சொல்ல முடியாதுய்யா. தீபாவளிக்கு வா, பக்கத்தில் நின்னு பாரு" என்றார். அந்தத் தீபாவளிக்கு எமக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு முன், 2021 ஆகஸ்டில், அவர் காலமானார்.

சில முறை செய்து பார்த்தோம். ஒரு முறை எண்ணெயில் பிரிந்து தூளாயிற்று. ஒரு முறை கல்லாயிற்று. பாகைத் தண்ணீரில் விட்டால் திரண்டு உருள வேண்டும் என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. அந்த அளவு எமக்கும் தெரியும். அது அவர் செய்த அதிரசமாக வரவில்லை.

அந்த ஏடு இதோ வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. அதனருகே நூறு பக்கமுள்ள புதிய ஏடு ஒன்றும், இரண்டு பேனாக்களும் வைத்திருக்கிறோம். எம் மகள் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறாள். எழுதத் தயங்கும் பாட்டிமார் சொன்னால் அவள் எழுதிக்கொள்வாள். ஆழாக்கிலும் நாழியிலும் இடங்கழியிலும் சொல்லலாம், மாற்றிக்கொள்வோம். சாப்பாட்டுப் பந்திக்குச் செல்லுமுன் ஒவ்வொரு குடும்பத்தாரும் ஏதேனும் ஒன்றை, ஒரு குழம்போ, ஒரு முடிச்சோ, ஒரு கோலமோ, அளவோடு எழுதிவிட்டுச் செல்லும்படி வேண்டுகிறோம். தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்துத் தாய்மார்கள் எவரேனும் அவையில் இருந்தால், பன்னிரண்டாம் பக்கம் திறந்தே இருக்கிறது.